பன்னிரண்டு ஸ்பூனும் ஒரு லேப்டாப்பும்

கப்ரோவோ, 29 ஜனவரி 2023

ராய்கோவுக்கு,

போனில் பேசினால் நமக்குச் சண்டை வருகிறது. போன ஞாயிறன்று நீயும் பட்டென்று வைத்தாய், நானும் பட்டென்று வைத்தேன். யார் முதலில் வைத்தது என்று இன்னொரு சண்டை வேண்டுமானால் போடலாம். அதனால்தான் கடிதம். எல்லை தாண்டிச் செகோவியாவுக்குத் தபால் போய்ச்சேர ஒன்பது நாள் ஆகுமாம். அதற்குள் என் கோபம் ஆறிவிடும், நீயும் வாயை மூடிக்கொண்டு முழுசாகப் படிப்பாய்.

பாலர் பள்ளி ஆசிரியர் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். கேமரா முன்னால் தொண்ணூறு நிமிடம் உட்கார வேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடம், குழந்தைகளுக்குச் சொல்வதுபோல ஒரு கதை சொல்ல வேண்டும். கேமரா நின்றுபோனால் ஆள் எழுந்து போய்விட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நாற்பதாவது நிமிடத்தில் அப்பாவின் லேப்டாப் அப்படியே நின்றது. திரையில் என் முகம் பாதி திறந்த வாயோடு இருந்தது. அணைத்துப் போட்டு நான் திரும்பி நுழைவதற்குள் "தேர்வர் வரவில்லை" என்று முடித்துவிட்டார்கள். இரண்டு முறைதான் எழுதலாம். ஒன்று போய்விட்டது. மற்றது ஜூன் பதினேழு.

பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிச் சமையல்கட்டில் பீன்ஸ் சூப் கிளறுகிறேன். குழந்தைகளுக்கு நான் சூப் அத்தை. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வகுப்பறைத் தரை தெரியும். அந்தத் தரையில் அவர்களோடு உட்கார வேண்டும் என்று ஐம்பத்திரண்டு வயதில் ஆசை வந்திருக்கிறது. சிரிக்காதே.

புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றாய். அன்று சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன். ஆறு வருடமாக வீட்டு வாசலை மிதிக்காதவன் தனக்குப் பதிலாக ஒரு அட்டைப்பெட்டியை அனுப்ப வேண்டாம். இது ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஓடுகிற சாமானைத் தூக்கிப் போட நாம் என்ன தலைநகரத்துச் சோபியாக்காரர்களா?

நீதான் அங்கே பள்ளிக்கூடத்துக் கிழட்டுக் கணினிகளுக்கெல்லாம் லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டு எழுப்பி உட்காரவைக்கிறாயே. இதற்கு என்ன வழி, எழுது.

டோன்கா

பி.கு. உறை கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பியதுதான். பிரித்து, உள்புறம் வெளியே வரும்படி மடித்து ஒட்டியிருக்கிறேன். நீயும் அப்படியே செய்.

•

செகோவியா, 10 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்கா,

உன் ஆசையைப் படித்துச் சிரிக்கவில்லை. உறையைப் பார்த்துத்தான் சிரித்தேன். பக்கத்து மேசை பிலார் "உங்க ஊர்ல காகிதத்துக்குப் பஞ்சமா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் பூனையின் வாலை வெட்டிவிடுவோம், கதவைச் சீக்கிரம் சாத்தினால் கணப்புச் சூடு வீணாகாது என்று சொன்னேன். பாவம், நம்பிவிட்டாள். இப்போது என்னைப் பார்த்தாலே பூனையைத் தூக்கி ஒளித்துவைக்கிற மாதிரி பார்க்கிறாள்.

உன் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ். நல்ல சிஸ்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெட்டிக்குக் கொஞ்சம் கனம். அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுவோம், அதிலும் இலேசான வகை. இத்துடன் வரும் பென் டிரைவில் இருக்கிறது. செருகிவிட்டு, பெட்டியைப் போட்டதும் F12 விசையைத் தட்டிக்கொண்டே இரு. மீதி எல்லாம் பின்பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றில் கவனம். உன் பாடக்குறிப்புகள் "ஹோம்" என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. அப்பாவுக்காக நான்தான் அப்படிப் பிரித்துவைத்தேன். அதற்கு எதிரே "ஃபார்மட்" என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டுவிடாதே, எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும்.

போட்டு முடித்ததும் எழுது. பெட்டி எழுந்து நிற்க எத்தனை நிமிடம், எவ்வளவு சூடாகிறது, டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறதா, எல்லாம் வேண்டும். பென் டிரைவைத் திருப்பி அனுப்பு, அடுத்த தடவைக்கு அதுதான்.

ராய்கோ

•

கப்ரோவோ, 26 பிப்ரவரி 2023

ராய்கோ,

போட்டுவிட்டேன். யார் உதவியும் இல்லாமல் நானே போட்டேன். அந்த ஃபார்மட் கட்டம் வந்தபோது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று முறை உன் காகிதத்தைப் படித்தேன். அதைப் பார்த்தால் எனக்கு அடுப்பு ஞாபகம்தான் வந்தது, தொடக்கூடாத இடத்தில் கை தானாகப் போகும்.

முன்பு எழுந்து நிற்க நாலு நிமிடம் ஆகும். இப்போது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. சமையல்கட்டு மணியை வைத்து அளந்தேன். சந்தோஷத்தில் அன்று பள்ளியில் சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், பெரிய டீச்சர் ஸ்லாட்கா அதையும் முழுசாகக் குடித்தார்.

பிறகு ஒத்திகை. கேமராவைப் போட்டு, பழைய வினாத்தாளைத் திறந்துவைத்துக்கொண்டு, தலை சீவி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்தேன். நாற்பத்தேழாவது நிமிடத்தில் நின்றது. ஏழு நிமிடம் லாபம். கதைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. குளிக்கவே பயப்படும் முள்ளெலியின் கதையைத் தயார் செய்து வைத்திருக்கிறேன், நீ சின்னவனாக இருந்தபோது உன்னைத் தொட்டியில் இறக்குவதற்காக நானே கட்டிச் சொன்னது. முள்ளெலி இன்னும் காய்ந்தபடிதான் உட்கார்ந்திருக்கிறது.

டிஸ்க் சத்தம் போடவில்லை. சூடு மடியில் வைக்க முடிகிற அளவுதான். பென் டிரைவ் இத்துடன்.

மார்ச் ஒன்றுக்கான சிவப்பு வெள்ளைக் கயிறும் வைத்திருக்கிறேன். சண்டை சண்டையாக இருக்கட்டும், கயிறு கயிறாக இருக்கட்டும். முதல் நாரையைப் பார்க்கும்வரை மணிக்கட்டில் கட்டியிரு.

டோன்கா

•

செகோவியா, 12 மார்ச் 2023

அன்புள்ள அக்கா,

கயிறு சரியாக மார்ச் எட்டாம் தேதி வந்தது, கட்டிக்கொண்டேன். ஆனால் இங்கே நாரைகள் குளிர்காலத்திலும் மாதா கோயில் கோபுரத்தைவிட்டு நகர்வதில்லை. நியாயப்படி பார்த்தால் முடிச்சுப் போட்ட நிமிடமே அவிழ்க்க வேண்டும். இந்த ஊர் நாரைகளைச் செல்லாது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். நம் ஊர் நாரையைப் பார்த்தால்தான் அவிழ்ப்பேன்.

நாற்பத்தேழு போதாது. மின்ட்டை எடுத்துவிட்டு டெபியன் போடுவோம். அலங்காரம் எதுவும் இருக்காது, ஆனால் உறுதியான ஆள். தேர்வு எழுதும்போது உலாவியில் ஒரே ஒரு பக்கம்தான் திறந்திருக்க வேண்டும், அதையும் கவனி. ஃபார்மட் கட்டம் இதிலும் வரும், கையை அதே மேசைக்கு அடியில் வை.

டிஸ்க்கின் வயது தெரிய ஒரு கட்டளை எழுதியிருக்கிறேன். வருகிற எண்ணை எழுதி அனுப்பு. விசிறியில் தூசு அடைத்திருக்கலாம், யாரிடமாவது காட்டி ஊதச் சொல்.

முள்ளெலி கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லி என்னை ஏமாற்றித்தான் தொட்டியில் இறக்குவாய். தண்ணீர் எப்போதும் ஆறிப்போயிருக்கும்.

ராய்கோ

•

கப்ரோவோ, 2 ஏப்ரல் 2023

ராய்கோ,

டெபியன் ஐம்பத்தைந்து விநாடியில் எழுந்து நிற்கிறது. ஒத்திகையில் அறுபத்தோரு நிமிடம். டிஸ்க் எண்ணைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

விசிறிக்காகக் கீழ்த்தெருவில் பழுது பார்க்கும் லோசானிடம் கொண்டுபோனேன். அவன் அடிப்பக்கத்தைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு கைப்பிடி தூசை எடுத்தான். தூசில் பாதி அப்பாவின் சிகரெட் சாம்பல். பிறகு உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி இது இது, அது அது என்று சொல்லிக்கொடுத்தான். எது எங்கே இருக்க வேண்டும் என்று இப்போது எனக்கும் தெரியும். உனக்கு என்னிடம் வேறு ஏதாவது கேட்கவோ சொல்லவோ இருந்தால் தயங்காமல் எழுது.

போன வியாழன் ஒரு டீச்சருக்குக் காய்ச்சல். ஸ்லாட்கா என்னைக் கூப்பிட்டு, "டோன்கா, ஒரு அரைமணி நேரம் உள்ள இருந்து பாரேன்" என்றார். கைத்துண்டை உதறிவிட்டு ஓடினேன். பதினாறு குழந்தைகள். ஒரு பொடியன் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு, "சூப் அத்தை, உனக்குக் கதையும் தெரியுமா?" என்று கேட்டான். இந்தத் தேர்வு எனக்கு வேண்டும் ராய்கோ. ரொம்ப வேண்டும்.

டோன்கா

•

செகோவியா, 18 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் வாழ்த்துகள். சிவப்பு முட்டை இங்கே யாருக்கும் தெரியாது, நானே இரண்டு அவித்துச் சாயம் போட்டு, வலது கை முட்டையை இடது கை முட்டையோடு மோதினேன். உடையாமல் நின்ற இடது கை ஜெயித்தது.

பென் டிரைவில் இந்தத் தடவை ஐகான், பட்டியல், படம் என்று எதுவுமே இல்லாத சிஸ்டம். பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் உலாவி மட்டும் திறக்கும். இதைவிட இலேசாக எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

இதுவும் சரிப்படாவிட்டால், தயவுசெய்து புதுசு வாங்கி அனுப்ப விடு. கோபப்படாதே. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ராய்கோ

•

கப்ரோவோ, 1 மே 2023

ராய்கோ,

முப்பது விநாடி. ஒத்திகையில் எழுபத்திரண்டு நிமிடம். கதை எழுபத்தைந்தில் தொடங்க வேண்டும்.

மூன்று முறை சிஸ்டத்தை மாற்றிவிட்டோம். நீ சூட்டைப் பற்றிக் கேட்டாய், சத்தத்தைப் பற்றிக் கேட்டாய், டிஸ்க்கின் வயதைக் கேட்டாய், விசிறியைக்கூடக் கேட்டாய். உள்ளே ரேம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்று லோசான் சொல்கிறான்.

பென் டிரைவ் இத்துடன் வருகிறது. இன்னொரு சிஸ்டம் போட்டு அனுப்ப வேண்டாம்.

டோன்கா

•

செகோவியா, 12 மே 2023

அக்கா,

நான்தான் எடுத்தேன்.

அப்பா போய் நாற்பதாம் நாள் முடிந்ததும் வீட்டைப் பங்கு பிரித்தோமே, நம் ஊர் வழக்கப்படி எள்ளளவும் கூடாமல் குறையாமல் பாதிப் பாதியாக. ஸ்பூன் பன்னிரண்டு, உனக்கு ஆறு எனக்கு ஆறு. கம்பளத்தைக்கூட நடுவில் கத்தரியால் வெட்டினோம், என் பாதி இப்போதும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. லேப்டாப் முறை வந்தபோது மட்டும் நீ, "இது எனக்கு வேணும்டா, கேக்காத" என்றாய். நான் சரி என்றேன். மனசுக்குள் சரி என்று சொல்லவில்லை. அப்பா அதை வாங்கியதே தினமும் ஆறு மணிக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசத்தான். அது என்னுடையது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் நீ ரொட்டி வாங்கப் போனாய். நான் திருப்புளியை எடுத்தேன். உள்ளே இரண்டு ரேம் சில்லுகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் பங்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கம்பளத்தை வெட்டினால் இரண்டு கம்பளம் கிடைக்கும், லேப்டாப்பை வெட்டினால் கிடைக்காது என்று அப்போது தோன்றவில்லை. பஸ் நிலையத்தில் நீ என்னைக் கட்டிக்கொண்டு, மிளகாய்த் துவையல் ஜாடியைக் கையில் திணித்தாய். அந்தச் சில்லு நெஞ்சில் குத்தியது, நிஜமாகவே ஓரம் குத்தியது. அதன் பிறகு எந்த முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பது?

ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்பது ரேமைப் பொறுத்தது. பாதி ரேமில் கேமரா, உலாவி, வினாத்தாள் எல்லாம் சேர்ந்தால் எந்த லினக்ஸும் திணறத்தான் செய்யும். உபுண்டுமேல் பழி போட்டேன், மின்ட்மேல், டெபியன்மேல் போட்டேன். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. எப்படியாவது இன்னும் இலேசான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். உன் ஜனவரித் தேர்வைக் கெடுத்தது நான்தான்.

அதைப் போட்டுவைத்த என் லேப்டாப் அடுத்த வருடமே போய்விட்டது. சில்லு மட்டும் மேசை இழுப்பறையில், உன் கடிதங்களோடு இருக்கிறது. உன் பதில் வந்ததும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். திட்டி ஒரு வரியாவது எழுது.

ராய்கோ

•

கப்ரோவோ, 22 மே 2023

டேய் ராய்கோ,

திட்டுகிறேன், கேட்டுக்கொள். திருடுவதென்று ஆகிவிட்டால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பாதியைத் திருடுகிறவனை நம் ஊரைத் தவிர வேறு எங்கே பார்க்க முடியும்?

எனக்கு மார்ச் கடைசியிலேயே தெரியும். லோசான் அடிப்பக்கத்தைத் திறந்ததும், "இங்க இன்னொண்ணு இருந்திருக்கே, யாரோ பதமா கழட்டிருக்காங்க" என்றான். பெட்டியை யார் கழற்றியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவனிடமே பழைய சில்லு ஒன்று இருந்தது, உடனே போட்டுத்தருகிறேன் என்றான். ஜூன் பத்து வரை எடுத்து வை என்று சொன்னேன். அதற்குள் நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்று இருந்தேன். சொல்லியிருக்காவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு தேர்வு எழுதியிருப்பேன். உன்மேல் பாசம் உண்டு, ஆனால் நான் முட்டாள் இல்லை.

மூன்று சிஸ்டத்தையும் உட்கார்ந்து போட்டேனே, ஏன் என்று நினைக்கிறாய்? ஆறு வருடத்தில் உன்னிடமிருந்து வந்தது வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. இந்த நாலு மாதத்தில் நாலு கடிதம். போட்டுக்கொண்டே இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். லேப்டாப்பை நான் ஏன் கேட்டேன் தெரியுமா? அது வீட்டில் இருந்தால் ஆறு மணிக்கு நீ கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அழைத்த அதே நேரத்துக்கு. முதல் வருடம் முழுக்க ஆறு மணிக்கு அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

இப்போது கவனமாகப் படி. சில்லைத் தபாலில் போடாதே. போட்டுவிட்டதாகப் பொய்யும் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும், கடிதம் எழுதிய மூன்றாம் நாள்தான் தபால் நிலையத்துக்கே போவாய். நீயே கொண்டு வா. லோசானிடம் அவனுடைய சில்லு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் அதை வேறு யாருக்கோ கொடுத்தும்விட்டான். இனி என் தேர்வு உன் சட்டைப்பையில் இருக்கிறது. ஜூன் பதினேழு, சனிக்கிழமை, காலை பத்து மணி.

டோன்கா

•

கப்ரோவோ, நம் சமையலறை, 17 ஜூன் 2023

அன்புள்ள அக்கா,

நீ அடுத்த அறையில் இருக்கிறாய். வீட்டில் வேறு குரல் கேட்கக்கூடாது என்பது விதி, தும்மினால்கூட உன்னை வெளியே அனுப்பிவிடுவார்களாம். பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். உன் பழைய வினாத்தாளின் பின்பக்கம்தான், புதுக் காகிதம் எடுக்கவில்லை.

மணி பத்து நாற்பது. ஜனவரியில் நின்ற இடம். நிற்கவில்லை. முந்தாநாள் நான் சில்லைச் செருகியதை நீ பார்த்தாய், பார்க்காததுபோல ரொட்டி நறுக்கினாய். நான் வந்து வாசலில் நின்றபோதும், "செருப்ப வெளிய விடு, தரை தொடச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாய். ஆறு வருடம் நான் பயந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டேன், டிக் டிக் சத்தம் கேமராவுக்குக் கேட்டுவிடப் போகிறதென்று. தூங்கும் நேரத்தில் பல்சக்கரம் தேயக்கூடாது என்று அப்பா நிறுத்துவாரே, அதே இடத்தில் முள்ளைப் பிடித்து நிறுத்தினேன். ஃபிரிட்ஜையும் அணைத்திருக்கிறேன். தயிர் புளித்தால் என்னைத் திட்டு.

பதினொன்று ஐந்து. என் கைக்கடிகாரம் சொல்கிறது. விசிறிச் சத்தம் கதவு வழியாகச் சீராக வருகிறது. எதிர் வீட்டுப் புகைக்கூண்டில் ஒரு நாரை நிற்கிறது. கயிறு சாயம் போய் நூலாகிவிட்டது. நீ வெளியே வந்ததும் சேர்ந்தே அவிழ்த்து, வழக்கப்படி மரத்தில் கட்டலாம்.

பதினொன்று பதினைந்து. எழுபத்தைந்தாவது நிமிடம். உன் குரல் மாறிவிட்டது. "ஒரு ஊர்ல ஒரு முள்ளெலி இருந்துச்சாம், அதுக்குத் தண்ணின்னாலே பயமாம்" என்று தொடங்கிவிட்டாய். மேசையில் தலை வைத்துக் கேட்கிறேன். கொஞ்சம்தான், கண்ணை மூடவில்

•

அதே தாளின் ஓரம்

ராய்கோ,

தூங்கிவிட்டாய். பேனா கையிலேயே இருக்கிறது. எழுப்ப மனசு வரவில்லை, அதனால் நானும் எழுதுகிறேன்.

தொண்ணூறு நிமிடமும் ஓடியது. ஒரு முறைகூட நிற்கவில்லை. முள்ளெலி குளித்துவிட்டது. முடிவு ஜூலையில் வரும். ஆனால் கதை சொல்லித் தூங்கவைக்கத் தெரியுமா என்று அவர்கள் கேட்டிருந்தால், கதவைத் திறந்து உன்னைக் காட்டியிருப்பேன்.

உன் பையில் துணியைத் தேடியபோது ஆறு ஸ்பூனும் கம்பளத்தின் பாதியும் கிடைத்தன. சொல்லாமலே கொண்டுவந்திருக்கிறாய். கம்பளத்தை மாலையில் தைக்கிறேன். ஸ்பூனைக் கழுவி மற்ற ஆறோடு சேர்த்துவிட்டேன். இப்போது பன்னிரண்டு. நீ ஊருக்குப் போகிற அன்று எண்ணுவேன். லேப்டாப்பின் அடிப்பக்கத்தையும் திறந்து பார்ப்பேன்.

எழுந்ததும் கடிகாரத்தை ஓடவிடு. சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.

அக்கா